சம்பந்தியும் நானும் சேர்ந்து சுட்ட தேங்காய் பன்

துடியலூரிலேயே முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வைத்து பன் சுட்டவன் நான்தான். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அந்த பன்னைத் தின்றவர்களுக்குக்கூடக் கிடையாது. (தின்றவர்கள் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். கடித்துப் பார்த்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

நான் படித்தது நாலாங் கிளாஸ். அதற்கு மேல் படித்திருந்தால் யாரிடமாவது கைகட்டி வேலை பார்த்திருப்பேன் என்பது என் கணக்கு. சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மில்லில் ஷிப்டு விடும் நேரம் பார்த்து கேட்டில் நின்று பன் விற்றவன், சொந்த அடுப்பு, சொந்தக் கடை, கடைக்குப் பின்னாலேயே சொந்த வீடு என்று வளர்ந்தேன். தொண்ணூறுகளில் மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிற டிரைவர்கள் என் கடையில் நிறுத்தித் தேங்காய் பன் வாங்காமல் வண்டியை எடுக்க மாட்டார்கள். அப்படி நிறுத்தாமல் போன ஒரு லாரி மலை ஏறும்போது நின்றுவிட்டது என்று ஒரு பேச்சுகூட உண்டு. (பேச்சைக் கிளப்பியது நான்தான். ஆனால் லாரி நின்றது நிஜம்.)

அந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் கொஞ்சம் தலையெடுத்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். எதற்கென்று கேட்கக் கூடாது. மோட்டார் பட்டறைக்காரர் வாங்கினார், ஜவுளிக்கடைக்காரர் வாங்கினார், உரக்கடைக்காரர் வாங்கி அதன்மேல் கேலண்டர் மாட்டி வைத்திருந்தார். வியாபாரிகள் கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏனுங்க, உங்க பேக்கரில கம்ப்யூட்டர் இருக்குதுங்களா?" என்று கேட்டார். "வந்துட்டே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வராமல் இருக்க முடியுமா?

பீளமேட்டுப் பட்டறை ஒன்றில் அப்போதுதான் புது மின்சார அடுப்பு செய்யக் கொடுத்திருந்தேன். ஆள் உயர அடுப்பு. தட்டு அடுக்கிய தள்ளுவண்டியை அப்படியே உள்ளே உருட்டிக் கதவைச் சாத்திவிடலாம். அடுப்பின் பக்கவாட்டில் ஓர் இரும்புப் பெட்டி. அதில் சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று சிவப்பு எண்கள் எரியும். ஏற்றவும் இறக்கவும் கீழே பொத்தான்கள். இது போதும் என்றார் பட்டறைக்காரர். எனக்குப் போதவில்லை. கண்ணாடி அறையில் ஏசி ஓட வேண்டும், அதில் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், நான் அதன் முன்னால் உட்கார்ந்தபடியே அந்த அடுப்பை ஆட்டிவைக்க வேண்டும் என்றேன்.

அதற்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுக்க வந்த பெண் நிர்மலா. காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. பார்க்கச் சாது. பேசினால் ஆணி அடித்த மாதிரி இருக்கும்.

"ஐயா, அடுப்பை ஓட்டற ப்ரோக்ராம் அந்த இரும்புப் பெட்டிக்குள்ள இருக்குதுங்க. அதுதான் மனசு. இங்க ஸ்க்ரீன்ல நீங்க பாக்கறது வெறும் முகம். நீங்க முகத்துல மாத்தி 'அனுப்பு'ன்னு அமுக்குனா, அது மனசுக்குப் போகும்."

"அப்பறம் என்ன? சரியாப் போச்சு."

"முழுசும் கேளுங்க. அங்க பெட்டில யாராச்சும் பொத்தானை அமுக்கி மாத்துனாங்கன்னா, அது இங்க ஸ்க்ரீனுக்குத் தெரியாதுங்க. தான் கடைசியா அனுப்புனதையேதான் அது காட்டிட்டு இருக்கும். ரெண்டும் ஒண்ணையொண்ணு கேட்டுக்கற மாதிரி இனிமேல்தான் எழுதோணும். இன்னும் கொஞ்ச நாள் குடுங்க."

"பெட்டியைத் தொடறதுக்கு இங்க எவன் இருக்கான் அம்மணி? கடை என்னுது. அடுப்பு என்னுது. நான் ஒருத்தன் மாத்துனாப் போதாதா?"

"இன்னொண்ணுங்க. எது மாறுச்சோ அதை மட்டுந்தான் அது அனுப்பும். மாறாததை அனுப்பாது."

நல்ல சிக்கனமான பெண் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மேற்கொண்டு எதுவும் காதில் ஏறவில்லை. ஏனென்றால் அந்த வாரம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

கவிதா எனக்கு ஒரே பெண். எத்தனையோ ஜாதகம் வந்தது, போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போவார்கள், இவள் தலையை ஆட்ட மாட்டாள். கிணத்துக்கடவு சிவகுமார் வந்து போன அன்றுதான் முதன்முறையாக, "சரீங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். (பாத்திரம் கழுவுகிற பெண் இல்லை அவள்.) அன்றைக்கே நானும் என் வீட்டுக்காரி சரஸ்வதியும் முடிவு செய்துவிட்டோம், இந்தச் சம்பந்தம் கைநழுவக் கூடாது.

சம்பந்தி நாச்சிமுத்து தென்னந்தோப்புக்காரர். தங்கமான மனிதர். அவரிடம் ஒரே ஒரு சிக்கல், மரியாதையில் என்னையே மிஞ்சப் பார்த்தார். எங்கள் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாசப்படியில் இரண்டு பேர் சந்தித்தால், "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல" என்று நின்றுகொண்டே இருப்பார்கள், உள்ளே காபி ஆறி ஆடை கட்டிவிடும். நான் எதிலும் தோற்றுப் பழக்கமில்லாதவன். அவர் ஒரு கும்பிடு போட்டால் நான் இரண்டு போடுவேன். அவர் ஒரு வாய் குறைவாகச் சாப்பிட்டால் நான் அந்த வாயையும் அவர் இலையில் வைப்பேன். பெண் பார்த்துவிட்டுப் போன அன்று, அவரை பஸ் ஏற்றிவிடப் போன நான் அவரோடேயே உக்கடம் வரைக்கும் போய்விட்டேன்; அங்கிருந்து என்னை வழியனுப்ப அவர் என்னோடு திரும்பி வந்துவிட்டார்.

நிச்சயத்துக்கு என்ன பலகாரம் என்ற பேச்சு வந்தது. "எங்க தோப்புத் தேங்காய், உங்க பன். ரெண்டு ஊடும் சேந்த மாதிரி இருக்குமுங்க" என்றார் சம்பந்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டர் அடுப்பில் சுடப்போகிற முதல் பெரிய ஈடே அதுதான் என்று அறிவித்துவிட்டேன். வெற்றிலை பாக்கு மாற்றுகிற நேரத்துக்குச் சரியாக அடுப்பு மணி அடிக்க வேண்டும், பன் வண்டி ஆவி பறக்க அடுப்பறைக்குப் பக்கத்திலேயே போட்ட பந்தலுக்குள் நேராக உருண்டு வர வேண்டும். ஊரே வாயைப் பிளக்க வேண்டும். (பிளந்தது. அதற்கு வருகிறேன்.)

முந்தின நாள் டெம்போவில் தேங்காய் ஏற்றிக்கொண்டு சம்பந்தியும் அவர் வீட்டம்மா தெய்வாத்தாளும் வந்தார்கள். ஒரு தட்டு மட்டும் சோதனைக்குச் சுட்டோம்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். தேங்காய் பன்னை இரண்டு விதமாகச் சுடலாம். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தால் பஞ்சு மாதிரி, லேசான பொன்னிறத்தில் வரும். அது என் பாணி. கடுஞ்சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் மேல் தோல் சிவந்து முறுகி வரும். அதுவும் நல்ல பன்தான்.

என் பாணியில் சுட்டதைச் சம்பந்தி கையில் கொடுத்தேன். "அடடா, ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றார். பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பிறகு எங்கள் மாஸ்டர் பீர் பாயிடம் போய், இரும்புப் பெட்டியில் எரிகிற எண்ணெல்லாம் என்ன, எந்தப் பொத்தான் எதை ஏற்றும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்து மோட்டாரைத் தானே பிரித்துப் பூட்டுகிறவர், அவருக்கு மிஷின் என்றால் உயிர்.

பீர் பாய் கோட்டைமேட்டுக்காரர். நான் சைக்கிளில் விற்ற நாளிலிருந்து என்னோடு இருப்பவர், அதனால் வாய் ஜாஸ்தி. கண்ணாடி அறைக்குள் யார் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் போட்ட உத்தரவைப் பார்த்துவிட்டு, "மொதலாளி, உள்ள எந்தச் சாமிங்க?" என்று கேட்டவர் அவர்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் சம்பந்தி வீட்டார் கிளம்பிப் போன பிறகு சரஸ்வதி சொன்னாள்: "ஏனுங்க, தெய்வாத்தாக்கா பேச்சோட பேச்சாச் சொன்னாங்க. அவுங்க ஊட்டுல எதுவா இருந்தாலும் மேல செவக்கோணுமாம். வெளுப்பா இருந்தா சம்மந்தி தொட மாட்டாராம். மரியாதைக்கு நல்லாருக்குதுன்னு சொல்லியிருக்காரு."

பாதி பன் ஏன் தட்டில் கிடந்தது என்று அப்போதுதான் விளங்கியது. அவர் எனக்காகப் பிடிக்காததைப் பிடித்தது என்று சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அவருக்காக நான் என் பாணியையே மாற்ற வேண்டாமா? அதையும் அவரிடம் சொல்லிக்கொண்டா செய்வது? சொன்னால் அது மரியாதை இல்லை, விளம்பரம்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனேன். சூட்டை ஏற்றினேன், 'அனுப்பு' அமுக்கினேன். நேரத்தைக் குறைத்தேன், 'அனுப்பு' அமுக்கினேன். ஸ்க்ரீனில் கடுஞ்சூடு, கொஞ்ச நேரம். பெட்டியிலும் அதே எண்கள் எரிந்ததை நானே போய்ப் பார்த்தேன். அசல் சம்பந்தி பாணி. திருப்தியாகப் பந்தலுக்குப் போய் வாழைமரம் சாய்ந்திருக்கிறது என்று யாரையோ திட்டினேன்.

சம்பந்தி தன் ஆட்களை வேனில் வரச் சொல்லிவிட்டு முன்னாடியே வந்து சேர்ந்திருந்தார். வந்தவர் பந்தலில் உட்காராமல் நேராக அடுப்பறைக்குப் போயிருக்கிறார். பெட்டியைப் பார்த்திருக்கிறார். நேற்றுப் பார்த்த எண் இல்லை. பாய் சொல்லிக்கொடுத்த பாடம் மனதில் இருக்கிறதே! 'அடடா, சம்மந்தி நமக்காகத் தன்னோட பழக்கத்தையே மாத்திப்போட்டாரே, இது நியாயமா?' என்று உருகியிருக்கிறார். உருகினவர் சும்மா இருந்திருக்கலாம். பொத்தான்களை அமுக்கி, சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி, இரண்டையும் என் பாணிக்கே திருப்பி வைத்துவிட்டார். அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

பன் வண்டியை உள்ளே ஏற்றுகிற நேரத்தில் நான் அடுப்பறைக்குப் போனேன். பெட்டியைப் பார்த்தால் பழைய எண்கள். பக்கத்தில் சம்பந்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் இல்லாத படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏனுங்க சம்மந்தி, இந்தப் பெட்டியைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குங்க அதைத் தொடறேன்?"

"இல்ல, சும்மா கேட்டேனுங்க."

"சும்மா கேளுங்க, கேளுங்க."

இருவரும் சிரித்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. விடுவேனா? அவர் எதிரிலேயே பெட்டியில் கை வைத்தால் அவரைப் பொய்யர் ஆக்கின மாதிரி ஆகிவிடும். விறுவிறுவென்று கண்ணாடி அறைக்குப் போனேன். (அவசரத்திலும் செருப்பைக் கழற்றினேன்.) ஸ்க்ரீனைப் பார்த்தால், பெட்டியில் நடந்தது எதுவும் தெரியாமல், நான் காலையில் வைத்த கடுஞ்சூட்டையும் கொஞ்ச நேரத்தையும் அப்படியே காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. 'அனுப்பு' அமுக்கினேன். 'மாற்றம் எதுவும் இல்லை' என்று வந்தது. மறுபடி அமுக்கினேன். மாற்றம் எதுவும் இல்லை. ஓங்கி அமுக்கினேன். அதே பதில்.

அப்போது நிர்மலா சொன்னது நினைவு வந்தது. மாறினதை மட்டும்தானே அது அனுப்பும்? அப்படியென்றால் மாற்றிவிட்டால் போகிறது! சூட்டை ஒரே ஒரு டிகிரி கூட்டி அமுக்கினேன். 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. நாலாங் கிளாஸ் படித்தவன் கம்ப்யூட்டரையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஏற்பட்ட பெருமை இருக்கிறதே, அதை எழுத்தில் அடக்க முடியாது. அந்தப் பெருமையில் பெட்டியை இன்னொரு தரம் பார்க்கத் தோன்றவில்லை; சம்பந்தியும் அதற்குள் பந்தலுக்குப் போய்விட்டிருந்தார்.

நான் மாற்றியது சூட்டை. போனதும் சூடு மட்டும். நேரத்தை நான் தொடவில்லை, ஸ்க்ரீனில்தான் அது சரியாக இருந்ததே! ஆனால் பெட்டிக்குள் இருந்தது சம்பந்தி எனக்காகக் கூட்டி வைத்த நேரம். ஆக, அவருக்காக நான் அனுப்பிய கடுஞ்சூடும், எனக்காக அவர் வைத்த நெடுநேரமும் அந்த இரும்புப் பெட்டிக்குள் ஒன்று சேர்ந்தன. இரண்டு வீட்டு மரியாதையும் ஒரே அடுப்பில்.

கதவைச் சாத்தினோம். அடுப்பு ஓட ஆரம்பித்தது. பீர் பாய் வழக்கம்போல் முக்காலியை இழுத்து அடுப்பின் பக்கத்தில் போட்டார். "எந்திரிங்க பாய். இன்னிக்கு நீங்க வேலைக்காரர் இல்ல, விருந்தாளி" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பந்தலில் முதல் வரிசையில் உட்கார வைத்தேன். "அடுப்பு?" என்றார். "கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

பந்தலில் பெரியவர்கள் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். கவிதா பச்சைப் பட்டில் வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். எதிர்வரிசையில் சிவகுமார் தரையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாய் மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"மொதலாளி, வாசம் சரியில்லைங்க."

"சாம்பிராணி போட்டிருக்காங்க பாய்."

"சாம்பிராணில சக்கரை எரியற வாசம் வராதுங்க."

"பேசாம ஒக்காருங்க பாய். மிஷின் புதுசு, பெயிண்டு வாசம்."

வாசம் வளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அது புகையாக மாறிப் பந்தல் ஓரமாக எட்டிப் பார்த்தது. இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் மரியாதையின் முழு உயரத்தையும் நான் பார்த்தேன். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவராவது "என்னமோ கருகுது" என்று சொல்ல வேண்டுமே! பெண் வீட்டைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடாதா? தொண்டையைச் செருமினார்கள். துண்டால் வாயைப் பொத்தினார்கள். ஒருவர் கண்ணில் தண்ணீர் கொட்ட, "நல்லா காத்தோட்டமான ஊடுங்க" என்றார்.

மணி அடித்தது. எழுந்தேன். "எல்லாரும் கொஞ்சம் இப்படி வாங்க. கம்ப்யூட்டர் சுட்ட பன்னு, நம்ம சம்மந்தி தோப்புத் தேங்காய்!" என்று அறிவித்துவிட்டு, மாலை போட்டு சந்தனம் வைத்திருந்த அடுப்புக் கதவை நானே திறந்தேன்.

முதலில் ஒரு புகை மண்டலம் வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து தள்ளுவண்டி வந்தது. தட்டுத் தட்டாக, வரிசை வரிசையாக, ஒன்றுகூடத் தப்பாமல், அத்தனையும் கன்னங்கரேல் என்று. கரிமூட்டைக்காரன் அடுக்கினாலும் அவ்வளவு ஒழுங்காக அடுக்க முடியாது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒரு பன்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் பன்னுன்னா இப்படித்தான் இருக்குமாட்ட இருக்குதுங்க."

"ஆமாங்க. நாமதான் பாத்ததில்லை" என்றார் இன்னொருவர்.

கடித்தார்கள். பல் படுகிற சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. "நல்ல... நல்ல கெட்டியா இருக்குதுங்க" என்றார் முதலாமவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

நான் கவிதாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஓடிய சிவப்பு எல்லாம் வடிந்திருந்தது. ஏனென்றால் கூட்டத்துக்கு நடுவிலிருந்து சம்பந்தியின் பெரியம்மா, வயதான மனுஷி, மெல்லிய குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டார்: "நல்ல காரியத்துக்கு மொதமொதல்ல வர்ற பலகாரமே கரியா வருதே சாமி. கொஞ்ச நாள் தள்ளி வெச்சு ரோசிக்கலாமா?"

எங்கள் பக்கத்தில் 'தள்ளி வைத்து யோசிக்கலாம்' என்றால் யோசிக்கப் போவதில்லை என்று பொருள். எத்தனை வியாபாரத்தில் எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன், அன்றைக்கு அந்த வித்தை எதுவும் பலிக்காது என்று தெரிந்தது. சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தப்பு எம்பேர்லதானுங்க சம்மந்தி. சூட்டை ஏத்துனது நானு."

"இல்லவே இல்லீங்க. நேரத்தைக் கூட்டி வெச்சது நானுங்க. தப்பு முழுக்க எம்பேர்ல."

"உங்களுக்குச் செவந்தாத்தான் புடிக்கும்னு மாத்துனேனுங்க."

"எனக்காக உங்க பழக்கம் கெடக்கூடாதுன்னு மாத்துனேனுங்க."

"தொடவே இல்லைன்னீங்களே?"

"அது மரியாதைக்குச் சொன்னேனுங்க. ஆனா தப்பு எம்பேர்லதான்."

"அதெப்படீங்க? என் கடை, என் அடுப்பு, என் தப்பு."

"என் தேங்காய்ங்க. கருகுனது அதுதானுங்களே?"

விட்டால் பொழுது சாயும் வரை பேசியிருப்போம். நான் மேலும் ஒரு படி ஏறி, "உங்க காலத் தொட்டு..." என்று குனியப் போக, அவர் என்னைத் தடுக்க வேறு வழி தெரியாமல் ஒரு பன்னை எடுத்து வாயில் போட்டு, "பாருங்க, நல்லாத்தானுங்க இருக்குது" என்று மடக் மடக்கென்று மென்றார். உதடெல்லாம் கரி. கண் பிதுங்குகிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பினால் என் மானம் போய்விடும் என்று துப்பவும் இல்லை.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!"

தெய்வாத்தாள். அதுவரை அந்த அம்மா சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. எழுந்து வந்து, கணவர் கையிலிருந்த மிச்சப் பன்னைப் பிடுங்கித் தட்டில் போட்டார். அது டங்கென்று விழுந்தது.

"கண்ணாலம் ஆன நாளா இந்த மனுசன்கிட்ட, கொழம்புல உப்பு சரியா இருக்குதான்னு கேக்கறேன். நீ போட்டாச் சரியாத்தான் இருக்கும்ங்கறார். இன்னிக்கு வரைக்கும் உப்பு சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. ஒண்ணை வெச்சே பொழைக்க முடியல, இப்ப இன்னொண்ணு சம்மந்தியா வந்து வாய்ச்சிருக்குது!"

அவர் என் மகளைப் பார்த்துத் திரும்பினார்.

"கண்ணு, இங்க வா. இவுங்க ரெண்டு பேரும் சொல்ல மாட்டாங்க. நீ சொல்லு. இந்தப் பன்னு எப்படி இருக்குது?"

கவிதா எழுந்து வந்தாள். பின்னாலிருந்து சரஸ்வதி, 'நல்லாருக்குதுன்னு சொல்லு, நல்லாருக்குதுன்னு சொல்லு' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நானும் அதே ஜாடைதான். கவிதா ஒரு பன்னை எடுத்துப் பார்த்தாள். தட்டின் விளிம்பில் தட்டிப் பார்த்தாள்.

"இது ஆகாதுங்க அத்தை" என்றாள். "மாட்டுக்கு வெச்சாக்கூட மொகத்தைத் திருப்பிக்கும். கடையில காத்தால சுட்ட சாதா பன்னு இருக்குதுங்க. வெண்ணெய், சக்கரை தடவிக் கொண்டாரட்டுங்களா? எல்லாருக்கும் பசிக்குமில்லீங்க."

பெற்ற மகளே சபையில் 'ஆகாது' என்கிறாள். போயிற்று, சம்பந்தம் போயிற்று என்று துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தேன்.

தெய்வாத்தாள் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது போதும் எனக்கு! எங்க ஊட்டுல ஆகாததை ஆகாதுன்னு சொல்றதுக்கு ஒரு வாய் இல்லாமத்தான் நான் ஒத்தைல தவிச்சுப்போட்டு இருந்தேன்." பிறகு பெரியம்மா பக்கம் திரும்பி, "கருகுனது பன்னுங்க பெரியத்தை, பொண்ணு இல்லீங்க. தள்ளியும் வெக்க வேண்டாம், ரோசிக்கவும் வேண்டாம்" என்றார்.

அந்தப் பெரியம்மா பொக்கை வாயைத் திறந்து, "வெண்ணெய் தடவறதுன்னா எனக்கு ரெண்டாக் குடு சாமி" என்றார். அவ்வளவுதான், சகுனம் சரியாகிவிட்டது.

வெற்றிலைத் தட்டை மாற்ற நானும் சம்பந்தியும் எதிரெதிரே நின்றோம். "நீங்க மொதல்ல நீட்டுங்க" என்று நான் வாயைத் திறந்தேன். தெய்வாத்தாள் எங்களைப் பார்த்த பார்வையில் இருவர் கையும் ஒரே நேரத்தில் நீண்டன.

எல்லாரும் வெண்ணெய் பன்னைத் தின்று கை கழுவும்போது பீர் பாய் என் பக்கத்தில் வந்து நின்றார். "மொதலாளி, நாளைக்கு நான் விருந்தாளியா, வேலைக்காரனா? இப்பவே சொல்லிப்போட்டீங்கன்னா முக்காலியை எங்க போடறதுன்னு பாத்துக்குவேன்."

அடுத்த வாரம் நிர்மலா வந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டதற்காகவே அந்தப் பெண்ணுக்கு ஒரு பை நிறைய எங்கள் கடையில் சுட்ட வர்க்கி கொடுத்தேன்.

"இனிமே ஸ்க்ரீன் அடிக்கடி பெட்டியைக் கேட்டுக்கற மாதிரி எழுதறேனுங்க. யாரு எங்க மாத்துனாலும் ரெண்டு பக்கமும் தெரியும். ஆனா பெட்டி சொல்றதுதான் உண்மை. ஸ்க்ரீன் அதைக் கேட்டுத்தான் காட்டோணும்."

"அது எப்படி அம்மணி? ஏசில உக்காந்து சொல்றது நானு. வெந்துட்டுக் கெடக்கற பெட்டி பெருசா?"

"நீங்க சொல்றதை அது கேக்குமுங்க. கேட்டுக்கிட்டேன்னு அது பதில் சொன்ன பொறகுதான் இங்க எண்ணு மாறும். அதுவரைக்கும் நீங்க சொன்னது வெறும் ஆசைதானுங்க."

வெறும் ஆசை! என் கடைக்குள்ளேயே என்னைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் ஆள் அந்தப் பெண். எழுதச் சொன்னேன். அதற்கப்புறம் அந்த அடுப்பில் ஒரு பன் கருகியதில்லை. (பாய் முக்காலியை மறுபடி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.)

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. கவிதா மருமகளாகப் போன பிறகு சம்பந்தி வீட்டுக் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று தெய்வாத்தாளே பெருமையாகச் சொல்வார். பேரனுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் யாராவது மரியாதையில் இழுத்துக்கொண்டே போனால் போதும், கடைசித் தோசை யாருக்கு, காரில் முன் சீட்டில் யார், பழனிக்கு எந்த வழியாகப் போவது, எதுவாக இருந்தாலும் ஓர் ஓரத்திலிருந்து குரல் வந்துவிடும்: "பன்னு கருகுது!" பேரன் வேலை பார்க்கிற பெங்களூர் ஆபீஸில்கூட, மீட்டிங் முடியாமல் இழுத்தால் இதைத்தான் சொல்கிறானாம். அங்கிருக்கிற கன்னடக்காரர்களும் இப்போது சொல்கிறார்களாம்.

சம்பந்திக்கும் எனக்கும் இப்போது வெளியே போக முடிகிறதில்லை. தினமும் போனில்தான் பேச்சு. போன ஞாயிற்றுக்கிழமை கவிதா இங்கே வந்திருந்தாள். பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்துவிட்டோம்.

"சரீங்க சம்மந்தி, வெச்சிருங்க" என்றேன்.

"நீங்க வைங்க."

"நீங்க பெரியவரு, நீங்க வைக்காம நான் எப்படீங்க வைக்கறது?"

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. நீங்க மொதல்ல."

எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியவில்லை. அடுக்களையிலிருந்து கவிதா, "அப்பா, பன்னு கருகுது!" என்று கத்தினாள். அதே நேரம் போனுக்கு அந்தப் பக்கம் தெய்வாத்தாளும் அதையே கத்தினார். பட்டென்று இணைப்பு அறுந்தது.

யார் முதலில் வைத்தார்கள் என்று என்னைக் கேட்டால் சம்பந்திதான் என்பேன். அவரைக் கேட்டால் என்னைத்தான் கைகாட்டுகிறாராம்.